பழைய பேப்பர்க்காரர் எடுக்காததில் தொடங்குங்கள்: பதின்வயதினருக்கு அப்சைக்ளிங் அறிமுகம்

வேலை முடிந்த ஒரு பொருளுக்கு வீட்டில் மூன்று வழிகள் உண்டு. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துவரம்பருப்பு கொட்டி வைத்தால் அது மறுபயன்பாடு. அதே பாட்டிலை எடைக்குப் போட்டு, அது ஆலைக்குப் போய் உருகி வேறு கண்ணாடி ஆனால் மறுசுழற்சி. மூன்றாவது வழியில் உருக்குவதும் இல்லை, கூழாக்குவதும் இல்லை. பொருளின் துணியையோ தாளையோ கொட்டாங்குச்சியையோ அப்படியே வைத்துக்கொண்டு, வெட்டி, தைத்து, மடித்து, அதுவரை செய்யாத வேலை ஒன்றைச் செய்ய வைக்கிறோம். இதைத்தான் அப்சைக்ளிங் என்கிறார்கள். பெயர்தான் புதிது. பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பு, புடவைக் கிழிசலைப் பின்னிய கால்மிதி, கொட்டாங்குச்சியில் மூங்கில் காம்பு செருகிய அகப்பை எல்லாம் இந்த வகைதான்.

எதை எடுத்துச் செய்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கண்ணாடி பாட்டிலும் பிளாஸ்டிக் பாட்டிலும் தகர டப்பாவும். இவை மூன்றுக்குமே போகும் வழி ஏற்கெனவே இருக்கிறது. பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியும் உலோகமும் திரும்பத் திரும்ப உருகக் கூடியவை. தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் பாலியெஸ்டர் இழையாக மாறித் துணியாகக்கூட வரும். அந்த பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்து, ஜிகினா ஒட்டி, சணல் கயிறு சுற்றிவிட்டால் அடுத்த வருடம் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். நல்ல வழியில் போகவிருந்த ஒன்றை நாமே குப்பையாக்கியதுதான் மிச்சம்.

ஆகவே பேப்பர்க்காரர் “இது வேணாம்” என்று ஒதுக்குகிற பொருள்களைப் பாருங்கள். முதல் இடம் துணிக்கு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியில் இரண்டையும் பிரித்தெடுப்பது கடினம் என்பதால் துணி மறுபடி துணியாவது மிகக் குறைவு. கிழிந்த ஜீன்ஸ், தொளதொளத்த டி-ஷர்ட், கம்பி ஒடிந்த குடை, இவை மூன்றும் தொடங்குவதற்கு ஏற்றவை. அவற்றை விரிவாகப் பார்ப்போம்.

கையில் இருக்க வேண்டியவை

துணிக்கென்று தனியாக ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அதால் தாள் வெட்டக் கூடாது. தாளில் கலந்திருக்கும் களிமண் தூள் போன்ற நிரப்பிகள் முனையை மழுக்கிவிடும். மழுங்கிய கத்தரி துணியை வெட்டாமல் மென்று துப்பும். இஞ்ச் டேப், தையல் சாக், தையல் பிரிக்கும் ஊசி, கோணி ஊசி ஒன்று, சாதா ஊசிகள், பாலியெஸ்டர் நூல், துணி உலர்த்தும் கிளிப் பத்து. இவ்வளவுதான் முதலீடு. தையல் மெஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கீழே வருவதில் டி-ஷர்ட் பைக்கு ஊசியே தேவையில்லை.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்து நன்றாகக் காய வைத்துவிடுங்கள். வியர்வையும் எண்ணெயும் ஏறிய துணியில் சாக் கோடு சரியாக விழாது.

டி-ஷர்ட்: பிசிறாத துணி

டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்ன ‘V’ வரிசைகள் தெரியும். ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போகும் பின்னல் துணி இது. திருப்பூர் பனியன் துணி. சட்டைத் துணி அப்படியில்லை. அதில் நீளவாட்டில் பாவு நூலும் குறுக்கே ஊடை நூலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஓரத்தில் வெட்டினால் நூல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். பனியன் துணியின் வெட்டிய ஓரம் அவ்வளவு எளிதில் பிசிறாது, இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லாத துணி என்பதால்தான் முதல் முயற்சிக்கு இதைச் சொல்கிறோம்.

முதலில் பை. எல் அல்லது எக்ஸ்எல் அளவு, கொஞ்சம் தடித்த துணியாகப் பாருங்கள். கைகள் இரண்டையும் தோள் தையலுக்கு உட்புறமாக, தையலும் கையோடு போய்விடும்படி வெட்டி எடுங்கள். கழுத்துப் பகுதியில் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி கவிழ்த்து, சாக்கால் வளைவு வரைந்து வெட்டுங்கள். தோளில் மிஞ்சும் இரண்டு பட்டைகள்தான் பையின் கைப்பிடி. அவை 6 முதல் 7 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் எடை ஏறியதும் கயிறாகச் சுருண்டு தோளை அறுக்கும்.

அடிப்பக்கம் தைக்காமல் முடிச்சுப் போட்டே மூடலாம். கீழ் ஓர மடிப்புத் தையலை வெட்டிவிட்டு, முன்துணி பின்துணி இரண்டையும் சேர்த்துப் பிடித்து 2 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு வரிசையாகக் கீறுங்கள். முன்பக்க நாடாவையும் அதற்கு நேர் பின்னாலுள்ள நாடாவையும் சேர்த்து இரட்டை முடிச்சு. இப்படி வரிசை முழுவதும் போட்டதும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். இன்னும் முடியவில்லை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள்: முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே விரல் நுழையும் ஓட்டை இருக்கும். சின்ன வெங்காயம் வாங்கி வந்தால் தெரு முழுக்க உதிரும். எனவே இரண்டாவது சுற்று அவசியம். ஒவ்வொரு முடிச்சிலும் தொங்கும் இரண்டு வால்களில் ஒன்றை இடப்பக்க முடிச்சின் வாலோடும், மற்றதை வலப்பக்க முடிச்சின் வாலோடும் கட்டுங்கள். ஓட்டை அடைபடும். வால் வெளியே தொங்குவது பிடிக்காதவர்கள், டி-ஷர்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக் கீறி முடிந்துவிட்டு, கடைசியில் நேராகத் திருப்பலாம்.

இந்தப் பை எவ்வளவு தாங்கும்? கிழியாது, ஆனால் நீளும். கண்ணிப் பின்னல் என்பதால் 3 கிலோவுக்கு மேல் போனால் அடி முழங்கால் வரை இறங்கிவிடும். கீரை, ரொட்டி, விளையாட்டு உடை, நூலகப் புத்தகம் இரண்டு மூன்று என்றால் சரி. ஐந்து கிலோ அரிசிக்கு இதை எடுத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் என்று வந்த பிறகும் கடைக்குப் போகும்போது பையை மறந்துவிடுவதுதான் பலருக்கும் சிக்கல். டி-ஷர்ட் பையைச் சுருட்டினால் கைக்குள் அடங்கும். ஸ்கூல் பையின் ஓர ஜிப்பில் கிடக்கட்டும்.

அடுத்தது நூல். ஒரே டி-ஷர்ட்டிலிருந்து வெட்டு விழாமல் 15 முதல் 20 மீட்டர் தடித்த கயிறு எடுக்கலாம். வெட்டும் முறையை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அக்குளுக்குக் கீழே குறுக்காக ஒரு வெட்டு, கீழ் ஓரத் தையலை நீக்க ஒரு வெட்டு. கையில் இப்போது ஒரு துணிக்குழாய் இருக்கும். அதை மேசையில் விரித்து, இடப்பக்க மடிப்பை எடுத்து வலப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். வலது ஓரத்துக்கு 3 செ.மீ. முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். இப்போது இடது பக்கத்திலிருந்து 2.5 செ.மீ. இடைவெளியில் நேர்கோடுகளாக வெட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வெட்டும் மேலே வந்த மடிப்பை முழுக்கக் கடந்து, வலது ஓரத்தில் அந்த 3 செ.மீ. வெட்டுப்படாமல் நிற்க வேண்டும். முடிந்ததும் துணியைப் பிரித்தால் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டையும், அதிலிருந்து இருபுறமும் வளையங்களும் தெரியும். அந்தப் பட்டையைக் கையில் விரித்துப் பிடித்து, வலப்பக்க முதல் வெட்டைத் துணியின் வெளி ஓரத்துக்குச் சாய்வாக வெட்டி முடியுங்கள். பிறகு இடப்பக்க முதல் வெட்டிலிருந்து வலப்பக்க இரண்டாம் வெட்டுக்குச் சாய்வாக, இடப்பக்க இரண்டிலிருந்து வலப்பக்க மூன்றுக்கு என்று தொடருங்கள். நேருக்கு நேர் வெட்டிவிட்டால் தனித்தனி வளையங்கள்தான் கிடைக்கும். பெரும்பாலான டி-ஷர்ட்கள் பாழாவது இந்த ஓர் இடத்தில்தான்.

கிடைத்த நாடாவை முழம் முழமாக இழுத்துவிடுங்கள். ஓரங்கள் உள்ளே சுருண்டு உருண்டையான கயிறாகும். படம் அச்சடித்த பகுதி மட்டும் சுருளாது, பட்டையாகவே நிற்கும்; அச்சு மையின் படலம் துணியைச் சுருள விடாது. முன்பக்கம் பெரிய படம் உள்ள டி-ஷர்ட்டைப் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வெறுந்துணியை நூலுக்கு எடுங்கள்.

இந்தக் கயிறு மூன்றைச் சடைபோல் பின்னிச் சுருட்டித் தைத்தால் கால்மிதி. 40 × 60 செ.மீ. நீள்வட்டத்துக்கு மூன்று நான்கு பெரிய டி-ஷர்ட் பிடிக்கும். நடுவில் 20 செ.மீ. நேர்ச்சடை வைத்து அதைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பலருடைய கால்மிதி தட்டையாக வராமல் கிண்ணமாகக் குழிந்துவிடுகிறது. காரணம், வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளமாக இருக்க வேண்டியதை மறந்து சடையை இழுத்துப் பிடித்துத் தைப்பது. மடியில் வைத்துத் தைக்காமல் தரையிலோ மேசையிலோ படுக்க வைத்து, வளைவுகளில் சடையைக் கொஞ்சம் தளர விட்டுத் தையுங்கள். மாறாக ஓரம் அலை அலையாக வந்தால் தளர்ச்சி கூடிவிட்டது. அந்தச் சுற்றைப் பிரித்துத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. டைல்ஸ் தரையில் இது வழுக்கும். குளியலறை வாசலில் போடுவதாக இருந்தால் அடியில் ரப்பர் வலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ்: எடை தாங்கும் துணி

ஜீன்ஸ் கிழிவது முழங்காலிலும் தொடை உரசும் இடத்திலும்தான். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியும் பின்பாக்கெட்டும் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். வெட்டுவதற்கு முன் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் இடம் தேய்ந்த இடம், அதை ஒதுக்கிவிடுங்கள். உள் லேபிளில் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தால் அது நீளும் ஜீன்ஸ்; பைக்கு எடுத்தால் தொங்கும். பென்சில் பவுச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பாட்டில் பை நல்ல தொடக்கம். காலின் அடி விளிம்பிலிருந்து மேலே 32 செ.மீ. அளந்து குறுக்காக வெட்டுங்கள். ஜீன்ஸின் அடி மடிப்பு ஏற்கெனவே தைத்திருக்கிறது அல்லவா, அதையே பையின் வாயாக வைத்துக்கொண்டால் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். உள்வெளியாகத் திருப்பி, வெட்டிய பக்கத்தில் ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு தையல், அதை ஒட்டி இன்னொன்று. இப்படியே விட்டால் பை தட்டையாக இருக்கும், பாட்டில் நேராக உட்காராது. அடி மூலையைப் பிடித்து, பக்க மடிப்பும் அடித்தையலும் ஒன்றின் மேல் ஒன்று படியும்படி முக்கோணமாக விரியுங்கள். முனையிலிருந்து உள்ளே வந்து, குறுக்குக் கோடு 8 செ.மீ. நீளம் இருக்கும் இடத்தில் தைத்துவிடுங்கள். இரு மூலையும் இப்படித் தைத்துத் திருப்பினால் அடி சதுரமாக உட்காரும். 1 லிட்டர் பாட்டில் தாராளமாக நிற்கும்.

தோள்பட்டைக்கு வேறு துணி தேட வேண்டாம். ஜீன்ஸின் கால் நெடுக, இரட்டைத் தையல் ஓடும் தடித்த பக்கம் ஒன்று இருக்கும். அந்தத் தையலுக்கு இருபுறமும் 1 செ.மீ. விட்டு நெடுக வெட்டினால் ரெடிமேட் பட்டை. இரண்டு காலிலிருந்தும் எடுத்து 3 செ.மீ. மேலே மேலே வைத்து இணைத்தால் குறுக்காக மாட்டிக்கொள்ளத் தேவையான 115 முதல் 120 செ.மீ. கிடைக்கும். ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பிசிறு வரும். இரட்டைத் தையலைத் தாண்டி உள்ளே போகாது, அழகாகவும் இருக்கும்.

கையால் தைப்பவர்கள் பின்தையல் போடுங்கள்: ஊசி முன்னே போன தூரத்தில் பாதி திரும்பி வரும் தையல். ஓடு தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே கழன்றுவிடும், பின்தையலில் அப்படி ஆகாது. மெஷினில் என்றால் 16-ஆம் எண் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ.க்கு மேல். வீட்டுப் பரணில் கிடக்கும் காலால் மிதிக்கும் பழைய மெஷின் இந்த வேலையை நன்றாகவே செய்யும். ஊசி ஒடிவது தையல்கள் சந்திக்கும் தடித்த மேட்டில்தான். மேட்டில் ஏறும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் சாய்கிறது, துணி நகராமல் நிற்கிறது, ஊசி வளைந்து தகட்டில் முட்டுகிறது. அந்த மேட்டை முன்கூட்டியே சுத்தியலால் நாலு தட்டுத் தட்டித் தட்டையாக்குங்கள். அந்த இடம் வரும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

கரு நீல ஜீன்ஸில் ஒரு தொல்லை உண்டு: வெள்ளைச் சட்டையில் சாயம் ஒட்டும். இண்டிகோ நூலுக்குள் முழுதாக ஊறாமல் மேல்பரப்பிலேயே படிந்திருப்பதால் உரசினால் கழன்று வரும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். இண்டிகோ விஷயத்தில் அது பலிக்காது. இரண்டு மூன்று முறை தனியாகத் துவைப்பதுதான் வழி, அல்லது வெளுத்த ஜீன்ஸையே தேர்ந்தெடுங்கள்.

குடை: யாரும் கண்டுகொள்ளாத நீர்புகாத் துணி

காற்றில் கம்பி ஒடிந்த குடையை அப்படியே வீசிவிடுகிறார்கள். துணிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடையில் காசு கொடுத்து வாங்கும் ஸ்கூல் பை மழை உறையும் ஏறக்குறைய இதே துணிதான்.

குடையை விரித்து, எதிரெதிர்க் கம்பி முனைகளுக்கு இடையே துணியின் மேல் டேப்பை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். பையின் உயரத்தோடு பருமனை இரண்டால் பெருக்கிக் கூட்டி, மேலும் 9 செ.மீ. சேர்த்தால் தேவையான அளவு. 45 செ.மீ. உயரம், 20 செ.மீ. பருமன் உள்ள பைக்கு 94 செ.மீ. மடக்குக் குடைகள் பலவற்றிலும் இந்த அளவு தேறும். துணியின் உட்பூச்சு உரிந்து தூளாக உதிர்கிறதென்றால் அந்தக் குடை உதவாது.

உச்சித் தொப்பியைத் திருகியோ நெம்பியோ எடுங்கள். கம்பி முனைகளிலும் நடுவிலும் போட்டிருக்கும் நூல் கட்டுகளை மட்டும் வெட்டினால் துணி முழுதாகக் கழன்று வரும். கம்பிகளை வளைத்து இழுக்காதீர்கள், தெறித்துக் கண்ணில் படக்கூடும். கம்பி இரும்பு விலைக்குப் போகும், பேப்பர்க் கடைக்கு எடுத்து வையுங்கள்.

ஓரத்தில் ஏற்கெனவே தையல் இருப்பதால் ஒரே மடிப்பு போதும். 1.5 செ.மீ. உள்ளே மடித்து, சுற்றிலும் ஓரத்தை ஒட்டித் தைத்து, 4 செ.மீ. மட்டும் திறந்து விடுங்கள். குண்டூசி குத்தாதீர்கள். இந்தத் துணியில் ஊசி போன ஓட்டை மூடாது, மழையில் அங்கேதான் ஒழுகும். துணிக் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய 11-ஆம் எண் ஊசி, பாலியெஸ்டர் நூல். திறந்த வழியில் 6 மி.மீ. எலாஸ்டிக் 90 செ.மீ. வாங்கி, ஊக்கில் மாட்டிக் கோத்து, இரு முனையையும் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து மூடுங்கள். உச்சியில் கம்பி நுழைந்த ஓட்டைக்குக் குடையைக் கட்டும் நாடாவிலிருந்து வெட்டிய ஒட்டு. தையல்களின் உட்புறம் நெடுக மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டால் ஒழுகுவது கணிசமாகக் குறையும். சுருக்கம் போகட்டும் என்று அயர்ன் பாக்ஸ் வைத்தால் துணி சுருங்கி உருகிவிடும், வேண்டாம்.

கறுப்புக் குடை என்றால் இன்னொரு வேலை பாக்கி. மழை நேரத்து இருட்டில் சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் வண்டிக்கு உங்களைத் தெரியாது. சைக்கிள் கடையில் விற்கும் ஒளிரும் பட்டையை ஒரு சாண் நீளம் வாங்கி முதுகுப் பக்கம் தைத்துவிடுங்கள்.

மிஞ்சிய நோட்டுத் தாள்

தாளுக்குப் போகும் வழி இருக்கிறது, பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்வார். ஆனால் ஏப்ரலில் பாதி எழுதாத நோட்டை எடைக்குப் போடுவது வெள்ளைத் தாளைக் கூழாக்குவதுதான். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகி வலு குறையும். அதை அதற்கு முன் ஒரு ரஃப் நோட்டாக்கலாம்.

தாள்களைக் கிழிக்காதீர்கள். நடுவில் பின் அடித்த நோட்டைப் புரட்டி, நடுப்பக்கத்தில் பின்னை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தினால் இரட்டைத் தாள்களாகக் கழன்று வரும். கோடு போட்டது, போடாதது என்று பிரித்து, எட்டு இரட்டைத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து அடுக்குங்கள், 32 பக்கம். பத்துக்கு மேல் போனால் நடுத்தாள்கள் வெளியே பிதுங்கி, பக்க ஓரம் படிக்கட்டாகிவிடும். உறைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், எதிர்த்திசையில் மடித்தால் வெடிக்கும்.

மடிப்பில் கோணி ஊசியால் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. நூல் உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே வரட்டும். மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியாக வெளியே வந்து, திரும்ப நடுத்துளையில் உள்ளே. இரு முனைகளும் உள்ளே ஓடும் நீள நூலுக்கு இருபுறமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிச்சுப் போடுங்கள். ஒரே பக்கம் இருந்தால் தையல் தளர்ந்துவிடும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம்

மேலே எதிலும் பசை வரவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம். தைத்ததைப் பிரிக்கலாம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. இரண்டு மூலப்பொருளை ஒட்டிவிட்டால் பிறகு இரண்டுமே எதற்கும் ஆகாது. கட்டாயம் ஒட்ட வேண்டும் என்றால், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைக்கு இரண்டு பரப்பில் ஒன்றாவது ஈரம் உறிஞ்ச வேண்டும். தாள், மரம், துணி என்றால் பிடிக்கும். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் காய்ந்ததும் தோலாக உரிந்து வரும். பால் கவரும் ஷாம்பு பாட்டிலும் பாலித்தீன் வகை. அதில் வீட்டுப் பசைகள் எதுவுமே சரியாக நிற்காது.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைப் பருத்தித் துணியில் ஊற்றவே கூடாது. பருத்தியில் பட்டதும் அது மிக வேகமாக இறுகி வெப்பத்தைக் கக்கும். சில சமயம் புகைகூட வரும். மடியில் ஜீன்ஸை வைத்துக்கொண்டு ஒட்டுபவர்களுக்குத் தோல் வெந்துவிடும்.

தொடக் கூடாதவை

உப்பிய மொபைல் பேட்டரியைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பழைய சி.எஃப்.எல். பல்பிலும் குழல் விளக்கிலும் பாதரச ஆவி இருக்கிறது; அழகுக்காக உடைத்துக் காலி செய்யும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். டியோடரன்ட் கேன் காலி போலத் தோன்றினாலும் உள்ளே அழுத்தம் இருக்கலாம். பி.வி.சி. குழாயையும் ஃப்ளெக்ஸ் பேனரையும் நெருப்பில் காட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு வரும். ஃப்ளெக்ஸை வெட்டலாம், தைக்கலாம், சூடாக்கக் கூடாது. சரக்குப் பெட்டி மரப்பலகை கிடைத்தால் அதில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம், எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். பழைய டயரில் செடி வைப்பவர்கள் உள்வளைவில் தண்ணீர் தேங்காதபடி அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

வெட்டிய மிச்சத்தையும் போட்டுவிடாதீர்கள். டி-ஷர்ட் கைகள் சைக்கிள் செயின் துடைக்க. ஜீன்ஸின் ஜிப், பித்தளைப் பொத்தான், பெல்ட் வளையம் எல்லாம் ஒரு டப்பாவில். அடுத்த பவுச்சுக்கு இவற்றைக் கடையில் வாங்க வேண்டியிருக்காது. இரண்டு விரலுக்கும் குறைவான துண்டுகளை இன்னும் பொடியாக நறுக்கிச் சேர்த்து வந்தால் ஒரு சின்ன திண்டுக்குள் அடைக்கத் தேறும். ஜீன்ஸ் துண்டுகளை நடுவிலும் பனியன் துண்டுகளை ஓரங்களிலும் வையுங்கள். முழுக்க ஜீன்ஸாகப் போட்டால் கல் மாதிரி இறுகி, துவைத்தால் காய நாலு நாள் ஆகும்.